வெண்ணெய்ப்பழத் தோல்

"வெண்ணெய்ப்பழத் தோலைத் தின்னுட்டுச் செத்துப் போச்சு. நான் என்ன பண்றது?"

வாழைத் தோட்டத்து மூலையில் குழியை மூடி, மண்ணைக் காலால் மிதித்துக்கொண்டே சொன்னாள் நாமுலி. அவள் புருஷன் லுத்தாயா தலையில் கைவைத்து நின்றான். நாளைக்கு வரப்போகும் குலப் பெரியவருக்கென்று விட்டு வைத்திருந்த சிவப்புச் சேவல்.

"காபிக்கொட்டையை எடை போட ஒரு நாள் மசாக்கா டவுனுக்குப் போனேன். அதுக்குள்ளயா சாகும்? கழுத்தை அறுத்தாவது வச்சிருக்கலாமே!"

"விஷம் ஏறின கோழிங்க. அதையா பெரியவர் இலையில வைக்கச் சொல்றீங்க?"

லுத்தாயா முணுமுணுத்துக்கொண்டே வீட்டுப் பக்கம் நடந்தான். அவனுடைய அக்கா பாபிர்யே மட்டும் நகரவில்லை. விருந்துச் சமையலுக்கென்று காலையில்தான் வந்து இறங்கியிருந்தாள்.

பாபிர்யே என்றால் அந்தப் பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் கிலி. பெண்ணாய்ப் பிறந்தவள் கோழியை வளர்க்கலாம், பிடிக்கலாம், வாழையிலையில் பொதிந்து வேகவைக்கலாம். வாயில் மட்டும் வைக்கக் கூடாது. புதிதாக வாழவந்த ஒவ்வொருத்திக்கும் இதைச் சொல்லிக் கொடுப்பவள் அவள்தான். நாமுலிக்குக் கல்யாணத்தன்றே காதைத் திருகிச் சொல்லியிருந்தாள்.

"நாமுலி, இங்க வா."

"சொல்லுங்க அண்ணி."

"நீ கோழிக்குப் பழம் போடற அழகை நான் பாத்திருக்கேன். முதல்ல சோளம். வயிறு நிறைஞ்ச பிறகுதான் பழம், அதுவும் ஒரு கைப்பிடி. மாம்பழத்துல கொட்டையை எடுத்துடுவே. பப்பாளியைப் பொடிசா நறுக்குவே. பூஞ்சை பிடிச்ச பலாச்சுளையைக் கிட்டயே சேக்க மாட்டே. மிச்சம் கிடந்தா இருட்டறதுக்குள்ள பொறுக்கிடுவே. ஆமாவா?"

"ஆமா."

"வெண்ணெய்ப்பழத் தோலையும் கொட்டையையும் மூடி போட்ட கூடையில வச்சிருந்து அடுப்புல போட்டு எரிப்பே. பக்கத்து வீட்டுக்காரி வேலியோரம் ஒரு தோலை எறிஞ்சதுக்கே அவளை உண்டு இல்லைன்னு ஆக்கினவ நீ."

நாமுலி குழி மண்ணை இன்னும் அழுத்தி மிதித்தாள்.

"பப்பாளி தின்னு வளந்த சேவல்டி அது. கறி தித்திக்கும். அதுக்குத் தோல் எங்கேருந்து கிடைச்சுது?"

"தோண்டிப் பாருங்க!" என்றாள் நாமுலி வீம்பாக. விஷக் கோழியைத் தொட யாருக்கும் துணிச்சல் வராது என்றுதான் நினைத்திருந்தாள். பாபிர்யே உடையை வரிந்து கட்டிக்கொண்டு மண்வெட்டியை எடுத்துவிட்டாள்.

குழி ஆழமில்லை. சாக்கு வெளியே வந்தது. உதறினாள். சிவப்பு இறகுகள் விழுந்தன. கூடவே எலும்புகள், ஒரு நார்க்கறிகூட ஒட்டாமல், பளபளவென்று சப்பிப் போட்டவை.

பெரியவர்கள் முன்னால் மண்டியிட்டே பழகிய முழங்கால் தானாக மடங்கப் பார்த்தது. நாமுலி மடக்கவில்லை. நிமிர்ந்து நின்றாள்.

"ஆமா, தின்னேன். பருந்து வாயிலேருந்து பறிச்சு மடியில போட்டு வளத்தவ நான். மழையில நனைஞ்சப்ப அடுப்படியில படுக்க வச்சவ நான். இத்தனை வருஷமா கறி வேக வேகப் புகையை மட்டும் தின்னுட்டு, வெந்ததை அவர் முன்னால கொண்டுபோய் வச்சவளும் நான்தான்."

"கத்தாதே."

"கத்துவேன். தொடையைத் தின்னேன், ஈரலைத் தின்னேன், கடலைக் குழம்பை வழிச்சு நக்கினேன். நல்லா இருந்துச்சு அண்ணி! எங்க அப்பா வீட்டுக்கு அனுப்பறதுன்னா அனுப்புங்க. கிளம்பறேன். ஆனா தப்புப் பண்ணிட்டேன்னு மட்டும் என் வாயால வராது."

சத்தம் கேட்டு லுத்தாயா திரும்பி வந்துகொண்டிருந்தான். வாழை இலைகளுக்கு நடுவே அவனுடைய வெள்ளை அங்கி தெரிந்தது.

"என்னக்கா தோண்டறே?"

பாபிர்யே ஒரே தள்ளாகச் சாக்கையும் எலும்பையும் குழிக்குள் தள்ளி, மேலே மண்ணை வாரிப் போட்டாள்.

"கிட்ட வராதே! இவ ஒரு முழம்கூடத் தோண்டலை. நாய் இழுத்துட்டு வந்து முத்தத்துல போட்டா என்ன ஆகும்? ஆழமாப் போடறேன்."

"அப்போ நிஜமாவே விஷமா?"

"உடம்பெல்லாம் நீலம் பாரிச்சுக் கிடக்கு. போ, போய்ப் பெரியவருக்கு ஏரி மீன் வாங்கிட்டு வா. பெருசாப் பாத்து வாங்கு."

அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போனான். அவனுடைய சைக்கிள் மணிச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை இரண்டு பெண்களும் அசையவில்லை.

நாமுலி கிட்டே வந்தாள். "ஏன் அண்ணி...?"

பாபிர்யே மண்வெட்டியை வாழைமட்டையில் துடைத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இன்னொரு தடவை பழத்தோல்னு சொன்னா நம்ப மாட்டாங்கடி. எங்க வீட்டுல கோழிங்க பாம்பு கடிச்சுத்தான் சாகும்."