கையில் தராதே

"தேநீரைக் கீழே வை. கையில தராதே," என்றார் குலாம் காதிர்.

முபீனா நீட்டிய கோப்பையுடன் அப்படியே நின்றாள். "பாபா, இதுல ஆவி பறக்குது. ஆவி பறக்கிற பனியை எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"வைன்னா வை. இன்னிக்குப் பெத்த பொண்ணையும் நம்புறதா இல்ல."

முந்தின நாள் மாலை தொடங்கிய முதல் பனி இன்னும் நிற்கவில்லை. தகரக் கூரையிலிருந்து சரிந்து விழுந்த பனி, வாசற்கதவை வெளியிலிருந்து பூட்டியதுபோல் அடைத்துவிட்டது. மின்சாரம் இல்லை, கைபேசிகள் செத்துக் கிடந்தன. வீட்டிலிருந்த மூன்று பேரும் சமையலறை அடுப்பருகே ஒரே ரஜாய்ப் போர்வைக்குள் கால் நீட்டி, அக்ரூட் உடைத்துத் தின்றபடி ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் பனி நாளில் எந்தக் காஷ்மீரியும் அடுத்தவர் கையிலிருந்து யோசிக்காமல் எதையும் வாங்கமாட்டார். உள்ளே ஒரு பிடி பனி ஒளிந்திருந்தால், வாங்கியவர் தோற்றார். தோற்றவர் விருந்து வைக்க வேண்டும். ஜெயித்தவர் குடும்பத்தோடு வந்து சாப்பிட்டே ஆக வேண்டும். அதை யாரும் தட்ட முடியாது.

"நேத்து மெழுகுவர்த்தி வாங்கிட்டு வாங்க, மண்ணெண்ணெய் வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பினேன்," என்றாள் அவர் மனைவி ஹாஜ்ரா, கூரையைப் பார்த்து. "ரெண்டு ஆட்டுத் தொடையோட வந்து நிக்கறார். இந்த வீட்ல இருக்கிறது மூணே வாய்."

"பனியில கெடாது."

"நாம கெட்டுப் போயிடுவோம். பனி வாருற மண்வெட்டி அந்தப் பக்கம்தானே இருக்கு, கதவைத் தட்டிக் கேட்டா என்ன?"

"அவன் கதவை நான் தட்டணுமா?"

அந்தப் பக்கம் என்றால் தம்பி ஜலாலின் பக்கம். ஒரே வீடு, நடுவில் ஒரு கதவு. தோட்டத்து அக்ரூட் மரங்களைப் பங்கு பிரித்ததில் சண்டை வந்து, இரண்டு வருஷமாக அந்தக் கதவுக்கு இந்தப் பக்கமும் தாழ், அந்தப் பக்கமும் தாழ். கூப்பிடாத வீட்டுக்கு வரமாட்டேன் என்று தம்பி. சின்னவனைப் போய்க் கூப்பிடுவதா என்று அண்ணன்.

"சித்தப்பா இன்னிக்குச் சும்மா இருக்கமாட்டார் பாபா," என்றாள் முபீனா. "சின்ன வயசுல உங்களை வருஷா வருஷம் ஏமாத்துவாராமே. இந்த வருஷமும் தோத்துட்டா?"

"என் கையால அவனுக்குச் சோறு போடணுமா?" என்று உறுமினார் காதிர்.

சற்று நேரம் கழித்து முபீனா ஜன்னல் விளிம்பிலிருந்து ஒரு பிடி பனியை அள்ளி, ரொட்டிக்குள் சுருட்டிக்கொண்டு வந்தாள். "பசிக்கலையா பாபா?"

அவர் முகத்தைக்கூட முழுதாகத் திருப்பவில்லை. "ரொட்டி நுனி நனைஞ்சிருக்கு. போய் உங்கம்மாகிட்ட குடு."

"கழுகுக் கண்ணு," என்றாள் ஹாஜ்ரா. "வாசல்ல பனி சரியறதை மட்டும் பாக்காது."

மதியத்துக்குள் கரி தீர்ந்தது. காதிர் மடியில் வைத்துக் குளிர்காய்ந்த காங்கிரியில் தணல் அவிந்து, பிரம்புக் கூடையும் மண்சட்டியும் ஆறிப்போயின. விரல்களை ஊதிக்கொண்டு அவர் பனியைத் திட்டினார், மின்சாரக்காரர்களைத் திட்டினார், தகரக் கூரை போட்ட கொத்தனையும் விடவில்லை. ஹாஜ்ரா அவரைத் திட்டினாள்.

அப்போது நடுக்கதவு தட்டப்பட்டது.

ஹாஜ்ரா கணவனைப் பார்த்தாள். அவர் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. துருவேறிய தாழை அவள் இரண்டு கைகளாலும் இழுத்துத் திறந்தாள்.

ஜலாலின் மனைவி ரஃபீகா நின்றிருந்தாள். கையில் ஒரு காங்கிரி. "பாய்ஜான், உங்க பக்கம் கரி தீந்திருக்கும்னு உங்க தம்பி சொன்னார். இதை வச்சுக்குங்க."

காங்கிரியின் மேலே சாம்பல் பரப்பியிருந்தது. அடியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் விழுந்தது. பிறகு இன்னொரு சொட்டு.

ஹாஜ்ரா பலமாக இருமினாள். முபீனா ரஜாய்க்குள்ளேயே அப்பாவின் காலை மிதித்தாள்.

காதிர் ரஜாயை விலக்கி எழுந்து போனார். இரண்டு கைகளையும் நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.

ரஃபீகா காலியான தன் கைகளைப் பார்த்தாள். "முதல் பனி முபாரக், பாய்ஜான்," என்றாள் மெதுவாக. பிறகு திரும்பிக் குரல் கொடுத்தாள். "ஏங்க, வாங்கிட்டார்."

சுவருக்கு அப்பாலிருந்து ஜலால் சிரித்தான். இந்தப் பக்கம் இரண்டு வருஷமாகக் கேட்காத சிரிப்பு.

"ஆட்டம்னா ஆட்டம்தான்," என்றார் காதிர், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "நாளைக்கு மத்தியானம் எல்லாரும் வந்து தின்னுட்டுப் போகச் சொல்லு."

அவள் போனதும் ஹாஜ்ரா பிடித்துக்கொண்டாள். "காலையிலேர்ந்து யார் கையாலயும் ஒரு கோப்பைத் தேநீர் வாங்கல. பொண்ணு குடுத்த ரொட்டிய வாங்கல. தண்ணி சொட்டச் சொட்ட ஒருத்தி வந்து நிக்கறா, ஓடிப்போய் வாங்கறீங்க. நான் இருமினதுகூடவா காதுல விழல?"

காதிர் சில்லிட்ட காங்கிரியைக் கீழே வைக்காமல் அணைத்துப் பிடித்திருந்தார்.

"சொட்டறதைப் பாத்துட்டுத்தான் எழுந்தேன்."