கரண்ட் இல்லாத ஊருக்கு ஒரு சைக்கிள்

“எட்டு மணி அம்பத்திரண்டு நிமிசம். நேத்து இவ கந்தோருக்குப் போய்ச் சேந்த நேரம்,” என்றார் அன்னப்பூரணியின் புருசன் நல்லரத்தினம். “கையெழுத்துப் புத்தகத்தில எட்டரைக்கே சிவப்புக் கோடு கீறியாச்சு. வாற மாசமும் ஒரு கோடு விழுந்தா நிரந்தர நியமனம் இல்லையாம். வீட்ட போகட்டாம்.”

காத்தான்குடியில் ஹமீடின் கடைக்குள் மூன்று மின்சார சைக்கிள்கள் நின்றன. அவருடைய மச்சான் குவைத்திலிருந்து அனுப்பியவை. அன்னப்பூரணி அவற்றைச் சுற்றி வந்தாள்.

“ஒரு மோட்டார் சைக்கிள் எடுத்துக் குடுக்கலாமே, அண்ணன்?” என்றார் ஹமீட்.

“ஆமி விடமாட்டான். பெற்றோல் அக்கரைக்குப் போகப்படாது.”

அவர்கள் வீடு வாவிக்கு மேற்கே, இயக்கத்தின் பிடியிலிருந்த கொக்கட்டிச்சோலையில். அவள் வேலை பார்க்கும் கந்தோர் கிழக்கே, டவுனில், புளியந்தீவில். மண்முனைத் துறையில் ‘பாதை’ என்கிற மிதவையில் ஏறி வாவியைக் கடந்து, ஆமியின் சென்றிக் காவலரணில் சோதனை முடித்து வெளியே வர ஏழே முக்கால் ஆகும். அதன் பிறகு ஒன்பது மைல். எதிர்க்காற்று.

ஹமீட் நீலநிற சைக்கிளைத் தட்டினார். “தங்கச்சி, இது யப்பான். பற்றரி எங்க இருக்கெண்டே தெரியாது. சட்டத்துக்குள்ள.”

“வேணாம் நானா. பற்றரியும் அக்கரைக்குப் போகப்படாது. பின்னேரம் கழட்டிச் சென்றியில குடுத்து, விடியத்தான் திருப்பி எடுக்கலாம்.”

“அப்ப இந்தச் சிவப்பு. பற்றரி ரெண்டு நிமிசத்தில கழண்டிடும்.”

“பற்றரியில லைட் இருக்கா?”

“லைட் முன்னுக்கு இருக்கே.”

“பற்றரியில?”

“இல்ல.”

“வேணாம்.”

மூன்றாவது கறுப்பு. பாரம். கரியருக்குக் கீழே பிஸ்கற் டின் போல ஒரு பெட்டி. அதன் பக்கத்திலேயே பொருத்திய சார்ஜர். பொத்தானை அமத்தினால் பெட்டியின் மேல் பச்சை லைட் எரிந்தது. அவள் நாலைந்து தடவை அமத்திப் பார்த்தாள்.

“இதை எடுக்கிறன்.”

“உனக்கு விசரா, புள்ள?” என்றார் நல்லரத்தினம். “இது எருமை மாதிரிக் கிடக்கு.”

ஹமீட் குரலைத் தாழ்த்தினார். “தங்கச்சி, வித்தாச் சரி எண்டு இருக்கிற ஆள் நானில்ல. உங்கட ஊரில கரண்ட் இல்ல. சண்டை தொடங்கின நாளில இருந்து இல்ல. எங்க சார்ஜ் போடுவீங்க? கந்தோரிலயா?”

“அங்க ஒரு பிளக்தான். அதில தலைமை லிகிதர்ட கேத்தில் கொதிக்கும்.”

“அப்ப?”

“அது என்ட பாடு. கரியர் இவரைத் தாங்குமா? நாளைக்குச் சனிக்கிழமை, கல்லடிக் கடற்கரைக்கு ஒரு ஓட்டம் போகணும்.”

ஹமீட் நல்லரத்தினத்தின் வயிற்றைப் பார்த்தார். “கரியர் தாங்கும். மோட்டருக்காகத்தான் துஆ கேக்கணும்.”

அவர்கள் போன பின் பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னார்: “ஒரு கிழமை. கொண்டு வந்து விட்டிட்டுப் போவா.”

கொண்டு வரவில்லை. தினமும் காலை எட்டு மணி போல அவள் கடையைக் கடந்தாள். பெடலில் கால் சும்மா இருந்தது. மணியை ஒருமுறை அடிப்பாள். பக்கத்துக் கடைக்காரர் ஹமீடைப் பார்ப்பார்.

அடுத்த மாதக் கடைசியில், ஒரு பின்னேரம், கடை வாசலில் சைக்கிளை நிறுத்தினாள். கையில் கடிதம்.

“நிரந்தரம், நானா. ஒரு கோடும் விழல்ல.”

“மாஷா அல்லாஹ். அது கிடக்கட்டும், எங்க சார்ஜ் போடுறீங்க? வாறவன் போறவனெல்லாம் என்னைக் கேக்கிறான்.”

“வாங்கின மறுநாள், சனிக்கிழமை, இவரை ஏத்திக்கொண்டு கல்லடிக்குப் போனன். கடற்கரை றோட்டில ஏழு தரம் மேலும் கீழும். பற்றரி செத்துப்போச்சு.”

“நான் சொன்னன்தானே!”

“செத்த பற்றரியைத்தான் சென்றியில குடுத்தன். விடிய அவங்கட சட்டம் தெரியும்தானே? திருப்பித் தரக்குள்ள றேடியோ எண்டாப் பாடணும், டோச் எண்டா எரியணும். எரியாட்டி, உள்ள வேற சாமான் இருக்கெண்டு அர்த்தம்.”

“அல்லாஹ்!”

“ஞாயிறு விடிய எடுக்கப் போனா, லைட் எரியல்ல. துறையை மூடினாங்க. டவுனில இருந்து ரெண்டு ட்ரக், குண்டு மணந்து பிடிக்கிற ஒரு நாய். நாலு மணித்தியாலம் நான் வெயிலுக்குள்ள குந்தியிருந்தன். கடைசியில அது வெறும் பற்றரி. ஆமிப் பெரியவன் சென்றிக்காரனுக்கு ஏசின ஏச்சு அக்கரையிலயும் கேட்டிச்சாம்.”

“மறுகா, அதுக்குப் பிறகு?”

“துறைக்கு வாங்க.”

ஹமீட் கடையை அப்படியே விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் பின்னால் போனார்.

காவலரணில் அவள் பெட்டியைக் கழற்றி, மணல் மூடைகளுக்கு மேலாக நீட்டினாள். சென்றிக்காரன் இரண்டு கைகளாலும் வாங்கினான். பொத்தானை அமத்தினான். லைட் மங்கலாக எரிந்து அணைந்தது. அவன் உள்ளே திரும்பிப் பார்த்தான். பிறகு, தெரிந்த தமிழில், யாருக்கும் கேட்காதபடி மெல்லச் சொன்னான்:

“அக்கா, எங்கட ஜெனறேற்றர் பழுது, இண்டைக்கு ராத்திரி சார்ஜ் போட ஏலாது. அக்கா நாளைக்கு மட்டும் லீவு போடுறதா?”