வீரய்யா சேரின் இங்கிலீஷ்

கேஷிகா மைக்கை இறுக்கிப் பிடித்தாள். இந்த நிமிஷத்துக்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தாள்.

கொட்டகலையில், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பித்த வீரய்யா சேரின் இங்கிலீஷ் புத்தக வெளியீடு. மண்டபம் நிறைய சனம். மதிப்புரை சொல்ல, கொழும்பில் இங்கிலீஷ் விரிவுரையாளராக இருக்கும் தன் பழைய மாணவியைத்தான் கூப்பிட்டிருந்தார். மனுஷன் தானாக வந்து மாட்டிக்கொண்டார்.

ஒன்பதாம் ஆண்டில் அவள் எழுதிய கட்டுரையின் தலையில் சிவப்பு மையால் 'பேட்லி ரிட்டன்', அதாவது படுமோசமாக எழுதியது என்று எழுதி, அந்தத் தாளை அவள் சட்டையில் ஊக்கால் குத்தி வீட்டுக்கு அனுப்பியவர் இவர்தான். தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைக்கு இங்கிலீஷ் ஒரு கேடா என்று சிரிப்பு வேறு.

கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா, அதைப் பரிசு என்று நினைத்துவிட்டாள். மகளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். சோற்றுப் பருக்கை தேய்த்துச் சுவரில் ஒட்டினாள். இல்லையம்மா என்று சொல்ல கேஷிகாவுக்கு வாய் வரவில்லை.

வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அம்மா அதைக் காட்டினாள். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்கள். அந்த வயிற்றெரிச்சல் இன்றைக்கும் ஆறவில்லை.

புத்தகம் சுத்தக் குப்பை. அது அவளுக்கு முன்பே தெரியும். அச்சுக்குப் போகுமுன் திருத்தித் தரச் சொல்லி சேர் அவளுக்குத்தான் அனுப்பியிருந்தார். வரிக்கு வரி பிழை. ஒன்றையும் தொடாமல், அப்படியே அச்சடிக்கலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

எந்தச் சொல்லால் அடிப்பது என்பதுதான் பாக்கி. 'பூர்லி' என்றால் வெறும் மட்டம், அது போதாது. 'கேர்லெஸ்லி' என்றால், ஆளுக்குத் திறமை உண்டு, கவனம்தான் இல்லை என்று ஆகிவிடும். அந்த மரியாதை எதற்கு? கடைசியில் அவர் கொடுத்ததையே அவருக்குத் திருப்பிக் கொடுப்பது என்று முடிவு செய்தாள். பேட்லி ரிட்டன். இத்தனை பேர் முன்னால், மைக்கில்.

சாட்சிக்கு ஒரு வரியை வாசித்துக் காட்டலாம் என்று, காலையில்தான் அச்சகத்திலிருந்து வந்த புத்தகத்தைப் பிரித்தாள்.

முதல் பக்கத்தில் அவள் படம்.

அதன் கீழே கொட்டை எழுத்தில், இந்தப் புத்தகத்தை வரிவரியாகத் திருத்தித் தந்தவர் என் அருமை மாணவி, விரிவுரையாளர் கேஷிகா என்று இங்கிலீஷில் போட்டிருந்தது.

கூட்டத்தில் எல்லார் மடியிலும் அதே பக்கம் விரிந்திருந்தது. முன்வரிசையில் சேர் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"சேர் ரொம்ப அருமையா எழுதியிருக்காங்க" என்றாள்.

மண்டபமே கைதட்டியது. அவளுக்கு உள்ளுக்குள் பற்றி எரிந்தது.

மேடையை விட்டு இறங்கியதும், மூன்றாம் வரிசையிலிருந்து அம்மா ஓடிவந்தாள். மகள் படம் போட்ட பக்கத்தைக் கிழியாமல் பக்குவமாகப் பிரித்து எடுத்து வைத்திருந்தாள்.

"இதயும் அந்தப் பரிசுக்குப் பக்கத்துலயே ஒட்டிருவோம்டி."