பாம்புச்செவி

“போயும் போயும் பலூனா கேட்டிருக்காங்க?”

ஜாஸ் ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவே சிரித்தது. ஆண்டு இறுதி விடுமுறையில் சீட்டுக் குலுக்கி, ஒருவருக்கொருவர் பரிசு கொடுப்பது அவர்கள் வழக்கம். பல் டாக்டருக்கு விழுந்த சீட்டு ‘பாம்புச்செவி’; அதில் கேட்டிருந்த பரிசுதான் பலூன்.

குழு வைத்த பட்டப்பெயர் அது. டிரம்ஸ் இம்மி பிந்தினாலும் பாம்புச்செவிதான் முதலில் சொல்வார். டாக்டர் உட்பட மற்றவர்கள், ஒன்றும் பிடிபடாமலே ஆமாம் போடுவார்கள்.

அப்படிப்பட்ட காதுக்கு வெறும் பலூனா? டாக்டருக்கு மனசு கேட்கவில்லை. உயர்ந்த ரக ஹெட்போன் ஒன்றும் சேர்த்து வாங்கினார். முகவரி கிளினிக்குக்கு அடுத்த தெருதான் என்பதால் நேரிலேயே போனார்.

திறந்திருந்த கதவைத் தட்டினார். உள்ளே சாக்ஸபோன் அலறியது. ஒரு பெண் ஸ்பீக்கரைப் பார்த்தபடி, இவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

“மேடம்! மேடம்!” தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

சுற்றிக்கொண்டு முன்னால் போனார். அந்தப் பெண்ணின் மடியில் ஊதிய பலூன். இரண்டு உள்ளங்கைகளும் அதன்மேல். நிமிர்ந்தவர் ஹெட்போன் பெட்டியைப் பார்த்துச் சிரித்தார். போனில் தட்டிக் காட்டினார்.

“பல் டாக்டர்தானே? எனக்குப் பிறவியிலேயே காது கேட்காதுங்க.”

டாக்டர் பெட்டியைக் கீழே வைத்தார். “அப்ப... பாம்புச்செவின்னு...”

உதட்டசைவைப் படித்தவர் மறுபடி தட்டினார். “பேரு பொருத்தம்தான். பாம்புக்கு மட்டும் காதா இருக்கு? அதிர்வுதானே!”

பலூனை டாக்டர் கையில் கொடுத்தார்.

ஐந்து வருஷமாக ஆமாம் போட்டுவந்தவருக்கு, டிரம்ஸ் பிந்துவது அன்றுதான் முதன்முதலாகத் தட்டுப்பட்டது.