கண்மாய்க்குள் ரோலர்

"மைதானம் படிக்கிற பையங்களுக்கு மட்டும்தான்" என்று தலைமையாசிரியர் கையை விரித்துவிட்டார். "வேணும்னா அந்தக் கல் ரோலரை எடுத்துட்டுப் போங்க" என்றார், எப்படியும் பள்ளிக்கூட வாசலைத் தாண்டாது என்ற தைரியத்தில். பழைய மாணவர் கிரிக்கெட் கிளப் அன்று சாயங்காலமே கயிறு கட்டி இழுத்தது. பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாக வந்ததற்குத் தண்டனையாக அதே ரோலரை வருஷக்கணக்கில் இழுத்தவர்கள்தான் அத்தனை பேரும். கடைத்தெரு வழியாக உருட்டிப்போய், வறண்டு கிடந்த கண்மாய்க்குள் இறக்கினார்கள். கருவேல மரங்களுக்குப் பக்கத்தில் அது மண்ணில் அழுந்தி நின்றுவிட்டது. கேப்டன் சவரிராயன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இங்கதான்டா பிட்ச்" என்றான்.

முதல் ஆட்டத்துக்கு முன்பே ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. கண்மாய் நிரம்பி, ரோலரின் நிமிர்ந்த கைப்பிடிகூடத் தண்ணீருக்குள் போய்விட்டது. விளையாட வந்த வெளியூர் அணி கரையோடு திரும்பியது. கிளப்பைக் கலைத்துவிடச் சொல்லி ஊரே சிரித்தது. அவர்களோ தினமும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கரையில் வந்து நின்றார்கள்.

மாசியில் ஒருநாள், நடுத்தண்ணீரில் துருவேறிய இரும்பு ஒரு விரற்கடை எட்டிப் பார்த்தது. முதலில் மட்டை பிடிக்க வேண்டிய மைதீன் கரையில் உட்கார்ந்து பேடு கட்டத் தொடங்கினான்.

"இப்பவேவாடா?" என்றான் சவரிராயன்.

"கைப்பிடி வந்துருச்சுல்ல மாப்ள. கல்லு வர எம்புட்டு நேரமாகும்?" என்று மைதீன் கடைசி வாரை இழுத்து இறுக்கினான்.

சவரிராயன் கையைத் தூக்கி, தண்ணீரைச் சுற்றி ஃபீல்டிங்குக்கு ஆட்களை நிறுத்த ஆரம்பித்தான்.