புது மெஷின் சொன்ன செய்தி

"துணியில என்ன இருக்குன்னு அது எதுக்குங்க பாக்கணும்?"

புது வாஷிங் மெஷின் வந்த அன்றே பூங்கோதை கேட்டாள்.

"வீட்டுல எல்லார் உடம்பும் நல்லா இருக்கான்னு பாக்குமாம். நல்லதுதானே?" என்று சிரித்தான் அவள் கணவன் தனஞ்செயன்.

அந்த நல்லது மூன்று வருடமாக மாதம் தவறாமல் நடந்தது. அவள் துணியில் மெஷின் ரத்தக்கறையைக் கண்டதும், 'இந்த மாதமும் விசேஷம் இல்லை' என்று குடும்ப குரூப்புக்குச் செய்தி போய்விடும். துணியைக் காயப்போடுவதற்குள் கரூரிலிருந்து மாமியார் அழைத்து அடுத்த வேண்டுதலைச் சொல்வார். நாத்தனார் அழுகிற பொம்மை அனுப்புவாள். தனஞ்செயன் பேப்பர் படிப்பான்.

அதனால்தான் பழைய இரும்புக் கடையில், கையால் திருகும் குமிழ் வைத்த அரதப்பழசான மெஷினைக் கண்டதும் அவள் விடவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து துருவைத் தேய்த்தாள், பெல்ட் மாற்றினாள், ஒழுகிய குழாயை அடைத்தாள். இருந்த கோபத்தில் அலுப்பே தெரியவில்லை.

இந்த மாதத் துணியை அதில்தான் போட்டாள். வீடே அதிர, கடகடவென்று சுற்றியது. இரண்டு நாள் கழித்து, அடுத்த துணி அதில் சுற்றிக்கொண்டிருந்தபோது தனஞ்செயனின் போன் அடித்தது.

"அம்மாதான். மெசேஜே வரலையே, விசேஷமான்னு கேக்கறாங்க. ஊருக்கெல்லாம் இனிப்பு குடுத்துட்டாங்களாம்." போனைப் பொத்திக்கொண்டு ஆசையாக அவள் முகத்தைப் பார்த்தான்.

பூங்கோதை குமிழைத் திருகி மெஷினை நிறுத்தினாள்.

"இல்லைன்னு சொல்லுங்க. இனி என் பொண்டாட்டி உடம்பைப் பத்தி யாரும் கேக்கக் கூடாதுன்னும் உங்க வாயால சொல்லுங்க. மூணு வருஷமா நான் உங்ககிட்ட கேக்க நினைச்சது இது ஒண்ணுதான்."