இடப்பக்கத் தரை

நடுவரின் கை பெனால்டி புள்ளியைக் காட்டியது.

அரங்கில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள்.

கோல்கீப்பர் மயூரதி கோல் கோட்டுக்குத் திரும்பி நடந்தாள். கையுறைகளை ஒன்றோடொன்று தட்டிக்கொண்டாள்.

ஆட்டம் முடியச் சில நிமிடங்கள்தான். ஒன்றுக்கு ஒன்று. இந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். சமனில் முடிந்தாலே போதும், வட நார்வேயின் இந்தச் சின்ன மீன்பிடி ஊரின் பெண்கள் அணி அடுத்த வருடம் மேல் பிரிவில் ஆடும்.

இந்தப் பந்து உள்ளே போனால் இல்லை.

சுற்றிலும் பனி. கூரையில், படிக்கட்டுகளின் ஓரத்தில், வெளியே நிறுத்தியிருந்த கார்களின் மேல்.

மைதானம் மட்டும் பச்சை.

புல்லுக்கு அடியில் குழாய்கள் ஓடின. பக்கத்து மீன் தொழிற்சாலையிலிருந்து வரும் வெந்நீர் அவற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. இந்த வருடக் கோடையில்தான் மைதானம் முழுவதையும் தோண்டிப் பதித்த குழாய்கள். வானத்திலிருந்து இறங்கிய பனித்துகள்கள் புல்லைத் தொட்டதும் காணாமல் போயின. விளக்கு வெளிச்சத்தில் தரையிலிருந்து ஆவி எழுந்தது.

அதைப் பார்ப்பதற்கென்றே வந்தவர்களும் இருந்தார்கள். இப்போது அவர்களும் தரையைப் பார்க்கவில்லை.

எதிரணித் தலைவி பந்தைப் புள்ளியில் வைத்தாள். கோலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பார்க்கத் தேவையில்லை. இந்தக் கோல்கீப்பர் இடப்பக்கம் பாய மாட்டாள் என்பது லீக்கில் எல்லோருக்கும் தெரியும்.

மூன்று வருடங்களுக்கு முன் நடந்தது. இதே மைதானம். அப்போது குழாய்கள் இல்லை. தரை உறைந்து கருங்கல்லாகக் கிடந்தது. இடப்பக்கம் பாய்ந்தாள். பந்தைப் பிடித்தாள். இடுப்பெலும்பில் விரிசல்.

உள்ளே ஓடி வந்த அப்பா, யார் தடுத்தும் கேட்காமல், ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைத் தானே தூக்கினார்.

எலும்பு கூடிவிட்டது. பயம் போகவில்லை.

வலப்பக்கம் பறப்பாள். இடப்பக்கம் காலை மட்டும் நீட்டுவாள். பயிற்சியாளர் திட்டிப் பார்த்தார். கெஞ்சிப் பார்த்தார். மெத்தை போட்டுப் பழக்கினார். மெத்தையில் விழுந்தாள். மைதானத்தில் விழவில்லை.

இன்றைக்கு வாங்கிய கோலும் அந்தப் பக்கம்தான் போனது.

கோலுக்குப் பின்னால், கம்பித் தடுப்பை ஒட்டி, யாரோ தமிழில் கூப்பிட்டார்கள்.

யாரோ அல்ல. அந்த ஊரில் தமிழ்க் குடும்பம் ஒன்றுதான்.

அப்பா. தொழிற்சாலையின் ஆரஞ்சு மேலங்கியைக் கழற்றாமலே வந்திருந்தார்.

"மயூ, நிலம் முந்தின மாதிரி இல்லைப் பிள்ளை. காலமை வந்து கைவச்சுப் பாத்தனான். மெத்தெண்டு கிடக்கு. இடப்பக்கம் விழு. பயப்பிடாம விழு."

அரங்கம் முழுக்கக் கேட்டது. ஒருத்திக்குத்தான் புரிந்தது.

பந்தை உதைக்கப் போகிறவளுக்குப் புரியவில்லை.

மயூரதிக்குச் சிரிப்பு வந்தது. மூன்று வருடமாக ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 'இடுப்பு கவனம், இடுப்பு கவனம்' என்று சொல்லி அனுப்புகிறவர் அவர்.

குனிந்தாள். முழங்காலை மடக்கினாள்.

விசில்.

எதிரணித் தலைவி ஓடி வந்தாள்.

மயூரதி பாய்ந்தாள்.

இடப்பக்கம்.

முழு உடம்பும் காற்றில் இருந்தது. விரல் நுனியில் பந்து உரசியது. கம்பத்தில் மோதியது.

தரை வந்தது. தோள், இடுப்பு, தொடை என்று ஒவ்வொன்றாக அதில் பதிந்தது. ஈரம். இளஞ்சூடு. நவம்பர் மாதத்தில் மண் வாசனை.

வலிக்கவில்லை.

பந்து திரும்பி வந்துகொண்டிருந்தது. உதைத்தவளே அதை நோக்கி மறுபடி ஓடி வந்தாள்.

எழுந்து நிற்க நேரமில்லை. முழங்காலால் தரையை உந்தினாள். அதே பக்கம் இன்னொரு முறை விழுந்தாள். இந்த முறை எதையும் யோசிக்கவில்லை.

பந்து நெஞ்சில் வந்து மோதியது. இரண்டு கைகளும் அதைச் சுற்றி மூடிக்கொண்டன.

அரங்கம் அதிர்ந்தது. கூரையிலிருந்து பனி சரிந்து விழுந்தது.

எழுந்தாள். நாலடி ஓடினாள். இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துப் பந்தை உதைத்தாள். அது விளக்குகளுக்கு மேலே போய், தரையில் விழுமுன், நடுவர் நீளமாக விசில் ஊதினார்.

முடிந்தது. மேல் பிரிவு.

தோழிகள் கத்திக்கொண்டு அவளை நோக்கி ஓடி வந்தார்கள். அவள் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. கோலுக்குப் பின்னால் ஓடினாள்.

அப்பா மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். கைகளால் இரண்டு காதுகளையும் பொத்தியிருந்தார். கண்கள் இறுக மூடியிருந்தன.

விழச் சொன்னவர், விழுவதைப் பார்க்கவில்லை.

தடுப்புக்கு மேலே கையை நீட்டி அவர் தோளைத் தொட்டாள்.

"அப்பா, திரும்புங்கோ. பிடிச்சிட்டன்."

அவர் திரும்பினார். ஸ்கோர் பலகையைப் பார்க்கவில்லை. ஓடி வருகிறவர்களைப் பார்க்கவில்லை. சேறு அப்பியிருந்த அவளுடைய இடுப்பையே பார்த்தார்.

அவள் இடக்காலில் மட்டும் நின்று, இரண்டு முறை குதித்துக் காட்டினாள்.